டெக்சாஸ் காலின் கவுண்டியில் ஏக்கர் நிலம்: விற்பவர் தரும் பழைய சர்வே போதுமா, புது சர்வேயரைப் பிடிக்கணுமா?

செலைனா_பக்கம் (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். செலைனாவுக்கு வடக்கே, நகர எல்லைக்கு வெளியே, கவுண்டி ரோட்டை ஒட்டி ஒரு நிலம் பார்த்திருக்கிறோம். விளம்பரத்தில் 3.2 ஏக்கர். பிளாட் (மனைகளாகப் பிரித்து ஒப்புதலோடு பதிந்த வரைபடம்) போட்ட லாட் கிடையாது. "இந்த இரும்புக் கம்பியில் தொடங்கி, இத்தனை டிகிரி இத்தனை நிமிடம் கிழக்கே, இத்தனை அடி" என்று பத்திரத்தில் பாரா பாராவாகப் போகிற வகை.

விற்பவர் 2009-ல் எடுத்த சர்வேயைக் கொடுக்கிறார். கூடவே, அதற்குப் பிறகு நிலத்தில் மாற்றம் எதுவும் இல்லை என்கிற டி-47 பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டுத் தருவாராம். "இதுவே போதும், உங்களுக்குச் செலவு மிச்சம்" என்கிறார். ஆனால் 2009-க்குப் பிறகு அந்த ரோடு அகலமாகியிருக்கிறது, பக்கத்து நிலம் கைமாறி அங்கே புது வேலி வந்திருக்கிறது.

புதிதாக அளக்கலாம் என்று சில சர்வேயர்களைக் கூப்பிட்டேன். பாதிப் பேர் திரும்பக் கூப்பிடவே இல்லை. கூப்பிட்டவர்கள் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து அப்பா, "தாலுகா ஆபீசில் பணம் கட்டினால் சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுக் கொடுப்பாரே, அங்கே கவர்மெண்டே அளக்காதா?" என்று கேட்கிறார். அளந்து வாங்கியவர்கள் யாராவது சொல்லுங்கள். யாரைப் பிடிப்பது, என்ன கேட்பது?

---

பழைய_பிளேனோ

அப்பாவிடம் சொல்லுங்கள், இங்கே கவுண்டி உங்களுக்காக வந்து அளக்காது. நிலம் வாங்குகிறவரோ விற்பவரோதான் சர்வேயரை அமர்த்த வேண்டும். கவுண்டி கிளார்க் பத்திரத்தையும் பிளாட்டையும் பதிவு செய்து வைப்பார், அவ்வளவுதான். அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் (வரிக்காகச் சொத்தை மதிப்பிடும் அமைப்பு) இணையதளத்தில் பார்க்கிற கோடு வரி போடுவதற்கான கோடு. அது எல்லைக்குச் சாட்சி இல்லை என்று அவர்களே கீழே எழுதி வைத்திருப்பார்கள்.

டெக்சாஸில் எல்லையை அளந்து முத்திரை வைக்க அதிகாரம் உள்ளவர் ஆர்பிஎல்எஸ் (பதிவு பெற்ற தொழில்முறை நில அளவையாளர்) உரிமம் பெற்றவர் மட்டுமே. உரிமம் தருவது பொறியாளர்களுக்கும் நில அளவையாளர்களுக்குமான மாநில வாரியம். முன்பு இரண்டும் தனித்தனி வாரியங்களாக இருந்தன, 2019-ல் ஒன்றாக்கிவிட்டார்கள். வாரியத்தின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் உரிமம் நடப்பில் இருக்கிறதா, ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா என்று தெரியும். தனிநபர் உரிமம் வேறு, நிறுவனப் பதிவு வேறு. இரண்டையும் பாருங்கள்.

போனில் முதல் கேள்வியாக, "என் வரைபடத்தில் முத்திரை வைக்கப் போகிற ஆர்பிஎல்எஸ் யார்?" என்று கேளுங்கள். நேரடியாகப் பதில் வராத இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

2009 சர்வே பற்றி இன்னொன்று. அது அப்போது வாங்கியவருக்காகச் சான்றளிக்கப்பட்டது, உங்கள் பெயருக்கு அல்ல. தவிர, சர்வே முடிந்து 10 ஆண்டு கடந்தால் அதிலுள்ள பிழைக்காக அந்தச் சர்வேயர் மீது வழக்குத் தொடர டெக்சாஸ் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. நாளைக்கு அதில் தப்பு இருந்தால் யாரைப் போய்ப் பிடிப்பீர்கள்?

---

சும்மா_கேட்டேன்

எதுக்குங்க இவ்வளவு? போன்லயே எல்லைக்கோடு காட்டுற ஆப் இருக்கு. நான் ஃபிரிஸ்கோல வீடு வாங்குனப்ப பழைய சர்வேதான் கொடுத்தாங்க, பேங்க் ஒண்ணும் சொல்லல. இந்த ஊர்ல எல்லாத்துக்கும் ஒரு ஆளைக் கூப்பிட்டு காசைக் கரியாக்குறோம்.

---

மெக்கின்னி_அக்கா

தம்பி, பேங்க் ஒண்ணும் சொல்லாது. பேங்குக்கு அதோட கடன் தொகை பத்திரமா இருந்தா போதும். உன் வேலி எங்க நிக்குதுன்னு அவங்களுக்கு என்ன கவலை?

எங்க தெருவுல நடந்ததைச் சொல்றேன். எங்களுக்கு ரெண்டு வீடு தள்ளி ஒருத்தர் நீச்சல் குளம் வெட்ட ஆள் பிடிச்சார். பெர்மிட்டுக்கு சர்வே வேணும்னதும் வீடு வாங்கினப்ப வந்த பழைய படத்தைக் கொடுத்தார். அதுல பின்பக்கம் யூட்டிலிட்டி ஈஸ்மெண்ட் (குழாய், கரண்ட் கம்பி போக மத்தவங்களுக்கு உரிமை இருக்குற பட்டை) தெளிவாப் போட்டிருக்கு, ஆனா அளவை வேலியில இருந்து எண்ணிட்டாங்க. வேலி நின்னது எல்லையில இல்ல, ஒன்றரை அடி வெளிய. குளத்தோட ஓரம் ஈஸ்மெண்டுக்குள்ள வந்துடுச்சு. வேலைய நிறுத்திட்டு மறுபடி வரைஞ்சாங்க. குழி வெட்டுன பிறகு. பாவம், அந்த மனுஷன் அந்த வருஷம் கோடை முழுக்க சேத்தைப் பாத்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார்.

நம்ம கம்யூனிட்டிகள்ல வேலிய பில்டர் ஆளுங்க அவசரத்துல நட்டுட்டுப் போயிடறாங்க. அதை எல்லைன்னு நம்பக்கூடாது.

---

கரிசல்காடு

நான் இந்தத் தொழில்லதான் இருக்கேன். உரிமம் இன்னும் வாங்கல, ஃபீல்டு குரூவுல பல வருஷம். அதனால கம்பெனி சிபாரிசு எதுவும் செய்யமாட்டேன். ஆனா என்ன நடக்குதுன்னு சொல்றேன், கொஞ்சம் நீளமாப் போகும்.

ஆப்புல தெரியுற கோடு அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் வரைபடத்துல இருந்து எடுத்தது. போனோட ஜிபிஎஸ் வெட்டவெளியிலயே பத்துப் பதினஞ்சு அடி முன்னப்பின்ன காட்டும். ரெண்டு தப்பையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சுப் பாக்குறீங்க.

நாங்க முதல்ல நிலத்துக்குப் போறதில்ல, ரெக்கார்டுக்குத்தான் போவோம். உங்க பத்திரம், சுத்தி இருக்குற நிலங்களோட பத்திரம், அதுக்கு முந்தின தாய்ப்பத்திரம், ரோட்டுக்காகக் கொடுத்த துண்டு, பைப்லைன் ஈஸ்மெண்ட் எல்லாம் எடுக்கணும். டெக்சாஸ் 1845-ல அமெரிக்காவோட சேர்ந்தப்ப தன்னோட பொது நிலத்தைத் தானே வெச்சுக்கிச்சு. அதனால மத்த மாநிலங்கள்ல இருக்குற சதுரக் கட்டம் போட்ட ஃபெடரல் அளவை இங்க கிடையாது. காலின் கவுண்டியில பெரும்பகுதி பீட்டர்ஸ் காலனி நிலம். ஆட்களைக் கொண்டுவந்து குடியேத்த 1841-ல டெக்சாஸ் குடியரசோட போட்ட ஒப்பந்தம், குடும்பஸ்தனுக்கு 640 ஏக்கர், தனி ஆளுக்கு 320 வரைக்கும். அந்த மூல நில மானியங்களோட பேரும் அப்ஸ்டிராக்ட் நம்பரும் (ஒவ்வொரு மானியத்துக்கும் கொடுத்த எண்) இன்னிக்கும் உங்க பத்திரத்துல இருக்கும், எடுத்துப் பாருங்க. பழைய குறிப்புகள்ல அளவு அடியில இருக்காது, வாராவுல இருக்கும். டெக்சாஸ்ல ஒரு வாரான்னா 33⅓ அங்குலம். எல்லை மூலையில "போடார்க் மரக் கம்பம்"னு எழுதியிருப்பான். அந்தக் கம்பம் எப்பவோ மக்கிப் போயிருக்கும், சில இடத்துல ஆச்சரியமா நின்னுக்கிட்டும் இருக்கும். அது அவ்வளவு கெட்டியான மரம்.

அப்புறம்தான் நிலம். காந்த லொக்கேட்டரைக் கையில புடிச்சுக்கிட்டு மூலை இருக்கவேண்டிய இடத்தைச் சுத்தி நடப்போம். 'கீ'ன்னு சத்தம் ஏறுற இடத்துல மண்வெட்டி. ஆணி, பழைய முள்கம்பி, பீர் டப்பா எல்லாம் கத்தும், ஏமாத்தும். இந்த ஊர் மண்ணு நம்ம கோவில்பட்டி கரிசல் மாதிரியேதான், மழைக்கு உப்பும், ஆகஸ்டுல கை நுழையுற அளவுக்கு வெடிக்கும். அந்தக் களியை ஒரு அடி தோண்டினா துருப்பிடிச்ச அரை அங்குலக் கம்பி, தலையில பிளாஸ்டிக் மூடி, மூடியில அதை நட்ட சர்வேயரோட நம்பர். அந்த நம்பரைத் துடைச்சுப் படிச்சதும் நட்டது யாருன்னு புடிச்சிரலாம், அந்த ஆளோட படத்தையும் தேடி எடுத்திரலாம்.

இதுல பலருக்குத் தெரியாத விஷயம்: பத்திரத்துல 400 அடின்னு எழுதி, ரெண்டு மூலைக் கம்பியும் 398 அடியில கிடைச்சா, பொதுவா கம்பிதான் ஜெயிக்கும். முதல்ல ஆறு, ஓடை மாதிரி இயற்கை அடையாளம், அப்புறம் மனுஷன் நட்ட அடையாளம், அப்புறம் திசை, அப்புறம் தூரம், கடைசியிலதான் ஏக்கர் கணக்கு. 1867-லயே டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் ஸ்டாஃபோர்டு எதிர் கிங் வழக்குல இதைச் சொல்லிருச்சு. விளம்பரத்துல கொட்டை எழுத்துல போடுற ஏக்கர்தான் வரிசையில கடைசி ஆளு.

அதனால செலைனா_பக்கம், உங்க 3.2-ஐ இப்பவே நம்பிராதீங்க. ரோட்டோரம் எத்தனை அடி? பத்திரம் ரோட்டோட நடுக்கோடு வரைக்கும் போகுதா?

---

செலைனா_பக்கம்

அண்ணா, இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். "கவுண்டி ரோட்டின் நடுவே ஒரு ஆணி" என்றுதான் தொடங்குகிறது! ரோட்டோரம் 400 அடி.

---

கரிசல்காடு

அப்படின்னா கணக்கைப் போடுங்க. நடுக்கோட்டுல இருந்து உங்க பக்கம் ரோட்டு உரிமை (ரோட்டுக்குன்னு ஒதுக்கின அகலம்) 30 அடின்னு வெச்சா, 400 × 30 = 12,000 சதுர அடி. ஏக்கருக்கு 43,560. கால் ஏக்கருக்கும் மேல, நம்ம கணக்குல 27 சென்ட் சொச்சம். அதுக்கும் காசு கொடுப்பீங்க, அதுல கார் ஓடும். அகலம் 30-ஆ, கூடவா, குறையவான்னு ரெக்கார்டும் அளவும்தான் சொல்லும். மொத்தப் பரப்பு, ரோடு போக நிகரப் பரப்பு ரெண்டையும் படத்துல தனித்தனியாப் போடச் சொல்லி வேலை உத்தரவுலயே எழுதுங்க.

---

ரியல்டர்_மதுரை

வணக்கம், நான் இங்க லைசன்ஸ் உள்ள ஏஜென்ட். உங்க ஏஜென்டைக் குறை சொல்லல, ஆனா இதைப் படிச்சுட்டு அவர்கிட்ட பேசுங்க.

ஒப்பந்தப் படிவத்துல சர்வேக்குன்னு 6சி பத்தி இருக்கு. அதுல மூணு வழி. விற்பவர் பழைய சர்வேயும் டி-47-உம் தரது ஒண்ணு, வாங்குறவர் தன் செலவுல புதுசு எடுக்கிறது ரெண்டு, விற்பவரே தன் செலவுல புதுசு எடுத்துத் தரது மூணு. டி-47 என்னன்னா, "சர்வே தேதிக்கு அப்புறம் கட்டடம், வேலி, ஈஸ்மெண்ட், பக்கத்து நிலத்து மாற்றம் ஒண்ணும் இல்லை"ன்னு விற்பவர் சத்தியம் பண்றது. இருந்தா அதுல எழுதணும். ரோடு அகலமாகி, புது வேலியும் வந்திருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் வெறும் டி-47-ஐ வெச்சுக்கிட்டு என்ன பண்றது? டைட்டில் கம்பெனியே (நிலத்து உரிமைக்கு இன்சூரன்ஸ் தர்றவங்க) ஏத்துக்காம போகலாம்.

ஏக்கர் நிலத்துக்கு ஃபார்ம் அண்ட் ரான்ச் படிவம் போட்டா, சர்வேயில வர்ற பரப்புக்கு ஏத்தபடி விலையை மாத்திக்கலாமா வேண்டாமான்னு ஒரு கட்டம் இருக்கு. பல பேர் அதைப் படிக்காம "மாறாது"ன்னு டிக் அடிச்சுடுவாங்க. ஏக்கருக்கு இத்தனைன்னு பேசி வாங்குறீங்கன்னா அந்தக் கட்டம்தான் உங்க பணம்.

டைட்டில் இன்சூரன்ஸ்ல "எல்லை முரண், பரப்புக் குறைவு, ஆக்கிரமிப்பு"க்கு காப்பு கிடையாதுன்னு ஒரு விலக்கு அச்சடிச்சே வரும். குடியிருப்பு நிலம்னா அடிப்படை பிரீமியத்துல 5 சதவீதம் கூடக் கட்டி அதை "பரப்புக் குறைவு" மட்டும்னு சுருக்கிக்கலாம். அதுக்கு டைட்டில் கம்பெனி ஏத்துக்கிற சர்வே வேணும். புது சர்வே எடுத்துட்டு இந்த 5 சதவீதத்தை மிச்சம் பிடிக்கிறவங்களைப் பாத்திருக்கேன். தலையில அடிச்சுக்கலாம் போல இருக்கும்.

கடைசியா நேரம். டைட்டில் கமிட்மெண்ட் (இன்சூரன்ஸுக்கு முன்னாடி டைட்டில் கம்பெனி தர்ற அறிக்கை) வர 20 நாள் வரைக்கும் ஆகலாம். அதோட ஷெட்யூல் பி-யில இருக்குற ஈஸ்மெண்ட் பட்டியல் இல்லாம சர்வேயர் முழுப்படம் தர முடியாது. குளோசிங் (பணம் கட்டி நிலம் கைமாறுறது) 30 நாள்னு ஒத்துக்கிட்டு அப்புறம் சர்வேயரைத் தேடினா அவர் என்ன பண்ணுவார்? நாளைக் கூட்டிப் பேசுங்க. ஆப்ஷன் பீரியடுக்குள்ள (வாங்குறவர் விலகிக்கலாம்ங்கிற காலம்) சர்வே கையில வராதுன்னா ஆட்சேபம் சொல்ற காலக்கெடுவையாவது நீட்டி எழுதுங்க.

---

சும்மா_கேட்டேன்

சரி சரி, ஒத்துக்குறேன், ஏக்கர் நிலம் வேற கதை. ஆனா ஒரு யோசனை: என் ஃபிரெண்டு சிவில் இன்ஜினியர், பிஇ (புரொஃபஷனல் இன்ஜினியர்) லைசன்ஸ் இருக்கு, டிரோனும் வெச்சிருக்கான். அவனை விட்டு அளந்தா வாரக்கணக்கா காத்திருக்க வேண்டாமே?

---

கரிசல்காடு

மேடு பள்ளம், மரம், தண்ணி ஓடுற வாட்டம் பாக்க டிரோன் அருமை. எல்லையை பிஇ முத்திரை வெச்சுத் தர முடியாது. நிலத்தடியில புதைஞ்ச கம்பியை டிரோன் எப்படிங்க பாக்கும்?

---

மெக்கின்னி_அக்கா

ஏன் இவ்வளவு நாள் ஆகுதுன்னு யாராவது சொல்லுங்களேன். பிளம்பர், ரூஃபிங் எல்லாம் மறுநாளே வர்றாங்க.

---

பழைய_பிளேனோ

வளர்ச்சிதான் காரணம். 2010-ல் இந்தக் கவுண்டியின் மக்கள்தொகை 7,82,341. 2020-ல் 10,64,465. 2023-ல் நாட்டிலேயே வேகமாக வளர்ந்த நகரம் என்று சென்சஸ் பீரோ சொன்னது செலைனாவை, ஒரே ஆண்டில் 26.6 சதவீதம். அடுத்த ஆண்டு அந்த இடம் பிரின்ஸ்டனுக்கு, 30.6 சதவீதம். அதுவும் காலின் கவுண்டிதான். தண்ணீர், சாலை, போலீஸ் தாங்கவில்லை என்று பிரின்ஸ்டன் 2024 செப்டம்பரில் புது வீட்டு மனைத் திட்டங்களுக்குத் தற்காலிகத் தடையே போட்டது.

இத்தனை வீட்டுக்கும் தெருவுக்கும் குழாய்க்கும் சர்வே வேண்டும். பெரிய பில்டர் நூற்றுக்கணக்கில் லாட் தருவார், வருடம் முழுக்க வேலை. நீங்கள் ஒற்றை நிலத்தோடு போய் நிற்கிறீர்கள். திரும்பக் கூப்பிடாததில் வியப்பில்லை. என் அனுபவத்தில் வேலை நடப்பது மின்னஞ்சலில். பத்திரம், பழைய சர்வே, அப்ரெய்சல் டிஸ்டிரிக்ட் சொத்து எண், எதற்காக அளக்கிறீர்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும், எல்லாவற்றையும் ஒரே மடலில் அனுப்புங்கள். சர்வேயர் பார்த்தவுடன் விலை சொல்லலாம். "சார், மூணு ஏக்கர், எவ்வளவு ஆகும்?" என்று குரல் பதிவு வைத்தால் அது வரிசையின் அடியில் கிடக்கும்.

அந்த வட்டாரத்தில் முன்பே அளந்தவரைத் தேடுவது இன்னும் நல்லது. 2009 படத்தில் முத்திரை வைத்தவர் தொழிலில் இருக்கிறாரா என்று வாரியத் தளத்தில் பாருங்கள். பக்கத்து நிலங்களை அளந்தவர் என்றாலும் சரி. ரெக்கார்டு தேடுகிற வேலை பாதி முடிந்திருக்கும், விலையிலும் நாளிலும் அது தெரியும்.

---

கூட்டுநிலம்

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கவும். நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து அன்னா பக்கம் 12 ஏக்கர் வாங்கி ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொள்ளத் திட்டம். சர்வேயரை வைத்து நான்கு துண்டாக அளந்து நான்கு பத்திரம் எழுதிக்கொண்டால் முடிந்ததல்லவா?

---

ரியல்டர்_மதுரை

முடியலைங்க, அங்கதான் ஆரம்பம். வாங்குறதுக்கு முன்னாடி நிறுத்துங்க.

---

பழைய_பிளேனோ

கூட்டுநிலம், இதைக் கவனமாகப் படியுங்கள். நிலத்தைத் துண்டாக்குவது அளக்கும் காரியம் மட்டுமல்ல, பிளாட் ஒப்புதல் காரியம். நகரத்துக்குள்ளோ அதன் ஈடிஜே (நகரத்துக்கு வெளியே அதன் விதி செல்லும் சுற்றுப்பகுதி) எல்லைக்குள்ளோ இருந்தால் நகரத்தின் விதி. வெளியே இருந்தால் கவுண்டி. மாநிலச் சட்டத்தில் விலக்குகள் உண்டு: நகர விதிகளில் ஒவ்வொரு துண்டும் 5 ஏக்கருக்கு மேல், வழி இருந்து, பொதுப் பயன்பாட்டுக்கு எதையும் ஒதுக்காதபோது. கவுண்டியில் 10 ஏக்கருக்கு மேல், தெரு போடாதபோது. உங்கள் மூன்று ஏக்கர் இரண்டிலுமே அடங்காது.

பிளாட் இல்லாமல் பத்திரம் எழுதினால் கிளார்க் பதிவு செய்துகொள்ளலாம், பதிவாகிவிட்டது என்று நிம்மதியும் வரும். பிறகு கட்டட அனுமதிக்கும் மின் இணைப்புக்கும் போகும்போது "இது சட்டப்படியான லாட் இல்லை" என்பார்கள். எனக்குத் தெரிந்த ஒரு நண்பர் குழு அப்படி மாட்டியது. நிலம் விலை ஏறிக்கொண்டே போயிற்று, வீடு மட்டும் கட்ட முடியவில்லை. நால்வரில் ஒருவருக்குப் பணம் அவசரம், விற்கவும் முடியவில்லை. நட்பு என்ன ஆயிற்று என்று நான் சொல்லவேண்டியதில்லை.

உங்களுக்கு வேண்டியவர் எல்லை அளப்பவர் மட்டுமல்ல, அந்த நகரத்திலோ கவுண்டியிலோ பிளாட் போட்டு ஒப்புதல் வாங்கிப் பழகியவர். "கடைசியாக எந்த பிளாட்டை இங்கே தாக்கல் செய்தீர்கள்?" என்று கேளுங்கள். வழி, தண்ணீர், மழைநீர் வடிகால், நான்கு செப்டிக் எல்லாம் சேர்ந்து வரும். செப்டிக்குக்கு மாநில விதியில் குறைந்தபட்சப் பரப்பு உண்டு, பொதுத் தண்ணீர் இணைப்பு இருந்தால் அரை ஏக்கர், சொந்தக் கிணறு என்றால் ஒரு ஏக்கர். உள்ளூர் விதி அதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம்.

இன்னொன்று: அந்த 12 ஏக்கருக்கு இப்போது விவசாய வரிச் சலுகை இருந்தால், பயன்பாட்டை மாற்றும்போது ரோல்பேக் வரி வரும். 2019-க்கு முன் ஐந்து ஆண்டுக்குப் பின்னோக்கிக் கணக்கிட்டார்கள், இப்போது மூன்று ஆண்டு. யார் கட்டுவது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

---

கூட்டுநிலம்

நல்லவேளை கேட்டேன். நண்பர்கள் குழுவில் இந்த இழையைப் போட்டிருக்கிறேன், ஒருவர் ஏற்கெனவே கோபத்தில் இருக்கிறார். தனி இழை தொடங்குகிறேன்.

---

செலைனா_பக்கம்

பழைய_பிளேனோ சார் சொன்னபடி மடல் எழுதி அனுப்பினேன். இரண்டு இடத்திலிருந்து பதில். ஒருவர் ஒரே வரியில் குறைந்த விலை சொன்னார், எதுவும் கேட்கவில்லை. இன்னொருவர் விலை அதிகம். ஆனால் டைட்டில் கமிட்மெண்ட் எப்போது வரும், மூலையை மட்டும் காட்டினால் போதுமா, கோட்டின் நடுவிலும் குச்சி நட வேண்டுமா, வேலி போடப் போகிறீர்களா, வெள்ளப் பகுதி குறிப்பு வேண்டுமா என்று வரிசையாகக் கேட்டார். இரண்டாமவரைப் பிடிக்கலாம் என்று இருக்கிறேன். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா?

---

கரிசல்காடு

கேள்வி கேக்குறவரைப் புடிங்க. ஒரே வரி ஆளு தப்பான ஆளுன்னு சொல்லல, ஆனா அவர் சொன்ன விலை எந்த வேலைக்குன்னு அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பிளாட் ஆன லாட்டுன்னா நூறுகள்ல முடியும், உங்களை மாதிரி பத்திரத்தை வெச்சு அளக்குற நிலம் ஆயிரங்கள்ல போகும். வித்தியாசம் ரெக்கார்டு தேடுறதுல.

எழுத்துல வாங்க வேண்டியது: காணாம போன மூலைக்குப் புதுக் கம்பி, மூடியில அவர் அடையாளம். கோட்டுல கண்ணுக்குத் தெரியுற தூரத்துல ரிப்பன் கட்டின குச்சி. ஷெட்யூல் பி-யில இருக்குற ஒவ்வொரு ஈஸ்மெண்டும் "நிலத்தைத் தொடுது, தொடல, இடம் குறிக்க முடியல"ன்னு தனித்தனியா. வேலி எல்லையில இருந்து எத்தனை அடி தள்ளி நிக்குதுன்னு அளவு. மொத்தப் பரப்பு, நிகரப் பரப்பு. படம் உங்க பேருக்கும் டைட்டில் கம்பெனிக்கும் கடன் கொடுக்குறவருக்கும் சான்றளிக்கணும். நிறைய பேர் குச்சி கேக்க மறந்துட்டு, படம் வந்தப்புறம் "எங்கய்யா என் மூலை?"ம்பாங்க. திரும்ப ஆள் வந்தா தனிக் கட்டணம்.

வெள்ளப் பகுதி குறிப்புன்னா ஃபெமா (ஃபெடரல் பேரிடர் அமைப்பு) வரைபடத்து மேல உங்க நிலத்தை வெச்சுப் பாத்துச் சொல்றது மட்டும்தான். ஓடை பக்கத்துல இருந்தா உயரச் சான்றிதழ் வேற வேலை, வேற விலை.

---

சும்மா_கேட்டேன்

பைப்லைன் எங்க போகுதுன்னு ரயில்ரோடு கமிஷன் தளத்துல இலவசமா மேப் இருக்கு. இதையாவது சொல்ல விடுங்க.

---

மெக்கின்னி_அக்கா

அட, இது உருப்படியான விஷயம் தம்பி! ரயில்ரோடு கமிஷன் பைப்லைனைப் பாக்குற ஊர் இது ஒண்ணுதான் போல.

---

செலைனா_பக்கம்

படம் கையில் வந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

நான்கு மூலையில் இரண்டில் 2009 கம்பி கிடைத்தது. ரோட்டு மூலைகள் இரண்டும் ரோடு அகலமானபோது போயே போய்விட்டன, புதிதாக நட்டிருக்கிறார்கள். மொத்தம் 3.2 சரிதான். ரோட்டு உரிமை போக நிகரம் 2.92. கரிசல்காடு அண்ணா போட்ட கணக்குக்குக் கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கிறது.

கிழக்கு வேலி பாதித் தூரத்துக்கு மேல் எங்கள் பக்கம் வந்திருக்கிறது, அதிகபட்சம் நான்கு அடி. இது பக்கத்துக்காரர் புதிதாகப் போட்ட வேலி, ஆனால் பழைய வேலி நின்ற அதே இடத்தில் போட்டதாகச் சொல்கிறாராம்.

பைப்லைன் ஈஸ்மெண்ட் ஒன்று, இந்த நிலம் ஒரு பெரிய பண்ணையாக இருந்த காலத்தில் எழுதியது. அகலமே குறிப்பிடாமல் பண்ணை முழுவதையும் மூடுகிறது. படத்தில் "இடம் குறிக்க இயலாது" என்று எழுதியிருக்கிறார்கள். குழாய் எங்கள் நிலத்தில் போகவில்லை, அடுத்த நிலத்தில் போகிறது என்று ரயில்ரோடு கமிஷன் மேப் காட்டுகிறது. ஆனால் காகிதத்தில் இது எங்கள் தலைமேலும் இருக்கிறது.

வேலிக்கு என்ன செய்வது? சர்வேயரைக் கேட்டால் "கோடு எங்கே என்று சொல்வதுதான் என் வேலை, யாருக்குச் சொந்தம் என்று சொல்வது இல்லை" என்கிறார்.

---

பழைய_பிளேனோ

அவர் சொன்னது சரி. நிலத் தகராறு தீர்க்க அவருக்கு அதிகாரம் இல்லை. சர்வேயர் உங்களுக்காக வாதாடுகிறவரும் இல்லை, நீங்கள் காசு கொடுத்தாலும்.

டெக்சாஸில் எதிர் அனுபவ உரிமைக்கு (அடுத்தவர் நிலத்தை நெடுங்காலம் அனுபவித்துச் சொந்தம் கேட்பது) சாதாரணமாகப் பேசப்படுவது 10 ஆண்டுக் கணக்கு. ஆனால் பழைய வேலி ஒன்று எப்போதோ மாட்டுக்காகப் போட்டது, யார் போட்டார்கள் என்றே தெரியாது என்றால், அதை மட்டும் காட்டி நிலம் கேட்பது கடினம். நீதிமன்றங்கள் அதைத் தற்செயல் வேலி என்று தள்ளிவிட்ட வழக்குகள் உண்டு. இதை ஒரு ரியல் எஸ்டேட் வக்கீலிடம் காட்டுங்கள். குளோசிங்குக்கு முன்பு இது விற்பவரின் தலைவலி, பின்பு உங்களுடையது. பக்கத்துக்காரர் சர்வே கோட்டை ஒப்புக்கொண்டு எல்லை உடன்பாட்டில் கையெழுத்துப் போட, அதைக் கிளார்க்கிடம் பதிந்துவிட்டால் போதும். விற்பவரைப் போய்ப் பேசச் சொல்லுங்கள், இத்தனை வருடப் பழக்கம் அவருக்குத்தான்.

---

ரியல்டர்_மதுரை

பைப்லைனுக்கும் இப்பவே எழுத்துல ஆட்சேபம் கொடுங்க, காலக்கெடு முடியறதுக்குள்ள. உங்க நிலத்துல குழாய் இல்லைன்னா அந்தக் கம்பெனிகிட்ட பகுதி விடுவிப்போ, அகலம் குறிச்சுத் திருத்தமோ கேக்கலாம். மாசக்கணக்காகும். விற்பவர் கேக்க ஆரம்பிக்கட்டும். விலை என்ன ஆச்சு? அந்தக் கட்டம் "மாறும்"னு டிக் போட்டீங்களா?

---

செலைனா_பக்கம்

போட்டோம். நிகரப் பரப்புக்குத்தான் விலை என்று சேர்த்து எழுதவும் வைத்தோம். விற்பவர் முதலில் முறைத்தார், பிறகு ஒத்துக்கொண்டார். குறைந்த தொகை சர்வே செலவைவிடப் பல மடங்கு. வேலி விஷயத்தை வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம், குளோசிங் தள்ளிப் போகிறது. அப்பாவுக்குப் படத்தை அனுப்பினேன், "நாலு பக்கமும் யார் நிலம்னு போட்டிருக்கான், நல்ல படம்" என்றார்.

எல்லாம் முடிந்தால் எங்கள் செலவில் மேற்குப் பக்கம் வேலி போட வேண்டும். சர்வே குச்சியைப் பார்த்துக் கம்பம் நட ஆரம்பிக்கலாம் அல்லவா?

---

கரிசல்காடு

811-க்கு (புதைஞ்ச குழாய், கம்பி எங்கன்னு அடையாளம் காட்டுற சேவை) போன் போடாம ஒரு குழி கூடத் தோண்டாதீங்க. காசு கிடையாது. ரெண்டு வேலை நாள் முன்னாடியே சொல்லணும், அவங்க வந்து கலர் கலரா கோடு போட்டுட்டுப் போவாங்க. வேலிக்காரன்கிட்ட மூலைக் கம்பியைக் காட்டி, "இதைப் புடுங்கினா நட்டுக் கொடுக்குற காசு உன்னுது"ன்னு முன்னாடியே சொல்லி வைங்க. கம்பி நிக்குற இடத்துலயே கம்பத்தை நட்டுக் கான்கிரீட்டை ஊத்துறதுதான் இந்த ஊர் வேலிக்காரங்களோட முதல் வேலை.